ஜீயபுரத்து மடையும் கடல் தாண்டிய வங்கியும்

மொழிபெயர்ப்பாளர் தொழிலில் ஒரு வசதி உண்டு: பேசுகிற இருவரும் நட்பாகிவிட்டால் உங்களை மறந்துவிடுவார்கள், சண்டை வந்துவிட்டால் இருவரும் சேர்ந்து உங்களை முறைப்பார்கள். அம்மாவுக்கும் மனைவிக்கும் நடுவில் உட்கார்ந்து "அம்மா என்ன சொல்ல வராங்கன்னா…" என்று ஆரம்பித்து மாட்டிக்கொண்டவர்களே, டாக்டருக்கும் அப்பாவுக்கும் நடுவில் விழித்த மகள்களே, உங்களுக்கு இந்த அனுபவங்கள் புதிதாக இருக்காது. எனக்கு ஒரு பக்கம் ஜீயபுரம், மறுபக்கம் உலகம். அது ஒன்றுதான் வித்தியாசம்.

பழைய காலத்தில் எங்களைத் துபாஷி என்று மரியாதையாக அழைத்தார்கள். இப்போது ஒப்பந்தத்தில் 'உள்ளூர் மொழி உதவி' என்று எழுதியிருக்கிறது. அதன்படி நான் ஓர் ஆளே இல்லை, ஓர் உதவி.

நாலாவது தாள்

இந்த வேலைக்கு வருவதற்கு முன் திருச்சியில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். மூன்றாம் ஆண்டு மாணவர்களுக்கு நாலாவது தாள்: சர்வதேச அமைப்புகள். கால அட்டவணை போட்டவருக்கு உலகத்தின் மேல் என்ன கோபமோ, அந்த வகுப்பை மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வைத்திருந்தார். மின்விசிறி மெதுவாகச் சுற்றும். ஜன்னலுக்கு வெளியே வெயிலில் மலைக்கோட்டை லேசாக நடுங்கி, தரையை விட்டுக் கிளம்பிவிடும் போலத் தெரியும். நான் ஜெனீவா, ரோம், பாரிஸ் என்று ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டே போவேன். காய்ச்சலுக்கு ஒரு சபை, கோதுமைக்கு ஒரு சபை, பழைய கட்டடங்களுக்கு ஒரு சபை, கடனுக்கு ஒரு வங்கி. போர் நிற்க ஒரு மன்றம், அது நிற்காதபோது வருத்தம் தெரிவிக்கவும் அதே மன்றம். சொல்லச் சொல்ல அவையெல்லாம் மேகங்கள் போல வகுப்பறையின் கூரைக்குக் கீழே மிதக்கத் தொடங்கும். பாதி வகுப்பு தூங்கிவிடும். மீதிப் பாதியில் நானும் சேர்த்தி.

ஒரு நாள், இந்த அமைப்புகள் எடுக்கும் முடிவு எப்படி நம் அரிசி விலையையும் நம் பிள்ளைகளின் தடுப்பூசியையும் தொடுகிறது என்று உருகி உருகி விளக்கிக்கொண்டிருந்தேன். லால்குடி பஸ்ஸில் வரும் ஒரு மாணவி மெல்ல எழுந்து நின்றாள். முகத்தில் உண்மையான கவலை.

"மேடம், இது பரீட்சைக்கு வருமா, இல்ல உலகத்துக்கு மட்டும்தானா?"

சொன்ன வாய்

கல்லூரி ஒப்பந்தம் முடிந்த வருடம் உலகமே ஜீயபுரத்துக்கு வந்து சேர்ந்தது. பல நாடுகள் பங்கு போட்டு நடத்தும் ஒரு பெரிய வங்கி, நம் பக்கத்து வாய்க்கால்களுக்குக் காங்கிரீட் கரை போட மாநில அரசுக்குக் கடன் கொடுத்திருந்தது. வேலையைப் பார்வையிட வந்த குழுவுக்குத் தலைவி இங்கிரிட். வருடத்தில் பாதி நாள் பனி கொட்டும் ஒரு வடக்கு தேசத்துக்காரர். கண்கள் காவிரியில் புதுத் தண்ணீர் வரும் முன் இருக்கும் வானம் மாதிரி வெளிறி இருக்கும்.

எங்கள் தொழிலில் ஒரு விதி: பேசுபவர் 'நான்' என்றால் நாங்களும் 'நான்' என்றே சொல்ல வேண்டும். 'அவர் சொல்கிறார்' என்று விலகி நிற்கக் கூடாது. ஆகவே ஜீயபுரத்தைத் தாண்டி ஒரு வாய்க்கால் கரையில், வாழைத்தோப்பின் பச்சை நிழலில் நின்றுகொண்டு, "நான் போன வாரம் கெய்ரோவில் இருந்தேன். நைல் நதிக் கரையிலும் இதே மாதிரி வாழை பார்த்தேன்" என்று கூசாமல் சொன்னேன். துறையூரைத் தாண்டாத எனக்கு அந்தக் கணம் நைல் நதி நிஜமாகவே கண்ணில் வந்து போயிற்று. "உங்கள் யாருக்கும் தண்ணீர் குறையாது, அதற்கு நான் பொறுப்பு" என்றும் சொன்னேன்.

கூட்டம் கலைந்ததும் ஒரு பெண் நேராக என்னிடம் வந்தார். பெயர் தனம். கணவர் சிங்கப்பூரில் வேலை, இங்கே வாழைத்தோப்பு முழுக்க இவர் பொறுப்பு. வாய்க்காலிலிருந்து தோப்புக்குத் தண்ணீர் திரும்புகிற வாயை இங்கே மடை என்பார்கள். புதுத் திட்டத்தில் சின்ன மடைகளை அடைத்துவிட்டு, பக்கத்துப் பக்கத்து வயல்களுக்குச் சேர்த்து ஒரே பெரிய மடை. தனத்தின் மடை போய்விடும். இனி அவர் கொழுந்தன் வயலில் திறக்கும் மடை வழியாகத்தான் தண்ணீர் வரும். பாகம் பிரித்த நாளிலிருந்து அந்தக் கொழுந்தனோடு பேச்சுவார்த்தை கிடையாது. "வாழை தார் தள்ற நேரத்துல அவரு வரப்புல தண்ணிய அடைச்சிட்டாருன்னா என் தோப்பு போச்சு. நீங்க பொறுப்புன்னு சொன்னீங்களே" என்றார். பொறுப்பு என்று சொன்னது நானில்லை, அந்த அம்மாள் என்று தொழில் விதியைப் பொறுமையாக விளக்கினேன். பொறுமையாகவே கேட்டார்.

"யாரு சொன்னா என்னங்க, சொன்ன வாய் உங்க வாய்தானே?"

ஒரு வாக்கியத்தின் பயணம்

சின்ன மடைகளை அடைக்க வேண்டும் என்று யார்தான் முடிவு செய்தார்கள்? எனக்கு இப்படிப்பட்ட கேள்விகள் வந்தால் சாப்பாடு இறங்காது. கிடைத்த அறிக்கைகளையெல்லாம் படித்தேன். கடைசியில் மூலத்தைக் கண்டுபிடித்தேன். எந்தக் கண்டத்திலோ, கண்ணாடிச் சுவர் வைத்த ஓர் அறையில், தண்ணீரைச் சிக்கனமாகப் பயன்படுத்தும் திட்டங்களுக்கே கடன் என்று ஒரு வாக்கியம் எழுதியிருக்கிறார்கள். நல்ல வாக்கியம். யாரும் குற்றம் சொல்ல முடியாது.

அந்த வாக்கியம் மலையில் பிறந்த ஓடை மாதிரி இறங்கி வந்திருக்கிறது. டெல்லியில் அது ஒப்பந்தத்தின் ஒரு பிரிவாகி, சென்னையில் ஓர் அரசாணையாகக் கொஞ்சம் அகலமாகி, திருச்சியில் வரைபடத்தில் நீலக் கோடாகி, ஜீயபுரத்தில் தனத்தின் மடைக்கு நேராக ஒரு சிவப்புப் பெருக்கல் குறியாக வந்து நின்றுவிட்டது. வழியில் யாரும் அதற்குக் கெடுதல் நினைக்கவில்லை. எல்லாரும் கையெழுத்து மட்டும்தான் போட்டார்கள். கரூர் சாலையில் வேனில் போகும்போது கண்ணை மூடினால், அந்த வாக்கியம் பக்கத்திலேயே காவிரியோடு சேர்ந்து சத்தமில்லாமல் கிழக்கே நகர்ந்துகொண்டிருப்பது போல எனக்குத் தோன்றும்.

வாய்க்கால் வேலையைக் கவனிக்கும் பொறியாளரிடம் இதைச் சொன்னேன். சாது மனிதர், தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார்.

"நான் எங்க மேடம் டிசைன் பண்றேன்? ஒப்பந்தம் டிசைன் பண்ணுது. சிமென்ட் மட்டும்தான் என்னுது."

தீர்த்தம்

ஞாயிற்றுக்கிழமை இங்கிரிட் ஸ்ரீரங்கம் பார்க்க வந்தார். வெயில் தாழ்ந்த பிறகு என் வீட்டில் காபி. எதிர்வீட்டு வரதன் ஸ்வாமியும் வந்திருந்தார். கோயில்களில் பிரபந்தம் சேவிப்பவர். வெள்ளைக்காரர்களைக் கண்டால் உலக விஷயம் கேட்காமல் விட மாட்டார். தெருக்கோடியில் கோபுரத்தின் மேல் பாதி மட்டும் வெளிச்சத்தில் இருந்தது. கீழ்ப் பாதியை நிழல் தின்றுவிட்டதால் அது எதன் மேலும் நிற்காமல் தானாகத் தொங்குவது போலிருந்தது.

நான் தனத்தின் மடையை மனதில் வைத்துக்கொண்டு, உங்கள் வங்கியில் முடிவெடுப்பது யார் என்று இங்கிரிட்டிடம் கேட்டேன். அவர் சொன்னார்: உறுப்பு நாடுகள் எல்லாவற்றுக்கும் நாற்காலி உண்டு. ஆனால் ஓட்டு பங்குக்கு ஏற்றபடி. பெரிய பங்குக்காரர்கள் முதலில் பேசுவார்கள். சின்ன நாடுகள் பேசும்போது பெரிய நாடுகள் காபி குடிக்கப் போகும். ஒரு தீவு தேசத்தின் பிரதிநிதி காலியான நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டே கடல் தன் நாட்டை விழுங்குவதைப் பற்றி அழகாகப் பேசி முடித்ததைத் தான் பார்த்திருப்பதாகச் சொன்னார். 'ஆனாலும் ஓர் ஊர்க்காரர் தன் வாயால் சொன்ன குறையை எங்களால் ஒதுக்க முடியாது, விதி அப்படி' என்றும் சொன்னார். அந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் நான் மனதில் மடித்து வைத்துக்கொண்டேன்.

எல்லாவற்றையும் வரதன் ஸ்வாமிக்குத் தமிழில் சொன்னேன். அவர் ஒன்றும் ஆச்சரியப்படவில்லை.

"அடியேனுக்கு நன்னாப் புரியறது. கோயில்ல தீர்த்தம் எல்லாருக்கும் உண்டு. யாருக்கு முதல்லங்கறதுலதான் லோகமே நடக்கறது."

முன்வரிசை

வங்கியின் இன்னொரு விதி, ஊர்க்கூட்டங்களில் பெண்களும் பேச வேண்டும் என்பது. அவர்கள் பேசாத கூட்டம் கூட்டமே இல்லை. கடனின் அடுத்த தவணை அதில் மாட்டிக்கொண்டு நிற்கும். செய்தி பரவியது. அடுத்த கூட்டத்துக்கு எல்லா ஆண்களும் தத்தம் மனைவியை, அம்மாவை, அண்ணியை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வந்து முன்வரிசை பிளாஸ்டிக் நாற்காலிகளில் பத்திரமாக இறக்கிவிட்டு, தாங்கள் பின்னால் போய் நின்றுகொண்டார்கள். முன்னால் ஒரே மல்லிகை வாசனை. கேள்வியை நான் முன்வரிசையைப் பார்த்துக் கேட்பேன், பதில் பின்னாலிருந்து வரும். சினிமாவில் ஒருவர் வாயசைக்க இன்னொருவர் குரல் கொடுப்பது போல, ஆனால் இங்கே வாய்கூட அசையவில்லை.

மடைகளை ஒன்றாக்குவதைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று இங்கிரிட் தனத்தைக் கேட்டார். பின்னால் நின்ற கொழுந்தன் செல்வம், "அண்ணி என்ன நெனைக்கிறாங்கன்னு நான் சொல்றேன் மேடம், எழுதிக்கங்க" என்று ஆரம்பித்தார். தனம் நாற்காலியோடு திரும்பினார். கூட்டத்தில் ஒரு சின்ன சலசலப்பு. அந்தத் தோப்பும் அந்த மடையும் யாருடையவை என்று அங்கே யாருக்கும் சந்தேகமில்லை.

"நான் உசுரோடதான் தம்பி உக்காந்திருக்கேன். என் கருமாதிக்கு வந்த மாதிரி நீங்க எழுந்து பேசாதீங்க."

சிரிப்பு அடங்க நேரமானது. அதற்குள் மழைத் தூறல் வந்து கூட்டம் கலைந்துவிட்டது. இருந்தாலும் எனக்கு நம்பிக்கை பிறந்தது. இப்படிப்பட்ட வாய் இருக்கும்போது இவருக்கு மொழிபெயர்ப்பாளரே வேண்டாம்.

வாழைப்பூ

காங்கிரீட் போடுவதற்கு முன் குறை கேட்கும் நாள் ஒன்று உண்டு. ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டுக் குழுத் தலைவி கேட்பார். அன்று சொன்ன குறைக்கு வரைபடம் மாறலாம். அன்று சொல்லாத குறையின் மேல் சிமென்ட் விழும்.

அந்த நாள் காலையில் இங்கிரிட்டும் நானும் வாய்க்கால் ஓரமாக நடந்துகொண்டிருந்தோம். இலைகளுக்கு நடுவில் வெளிச்சம் பச்சைத் தண்ணீர் போலத் தேங்கி நின்றது. நடப்பதா நீந்துவதா என்றே தெரியவில்லை. இங்கிரிட் என் காதருகே குனிந்து, உலக வங்கியாளர்களும் தவிர்க்க முடியாத ஒரு தேவையைச் சொன்னார். பக்கத்தில் இருந்தது தனத்தின் வீடு. அழைத்துப் போனேன். அவர் குளியலறையிலிருந்து வெளியே வருவதற்குள் கூடத்தில் இலை விழுந்துவிட்டது. வேண்டாம் என்று சொல்ல இங்கிரிட்டுக்கு மனசில்லை, சொல்வது என் வேலையுமில்லை.

வாழைத்தண்டுக் கூட்டு, வாழைக்காய் வறுவல், சாம்பார், ரசம், தோப்பு ரஸ்தாளியோடு பாயசம். எல்லாவற்றுக்கும் மேலே வாழைப்பூ வடை. சமையலறையில் எண்ணெய்ச் சட்டி முன்னால் நின்றபடி தனம் என்னிடம், "இன்னிக்கு விடப் போறதில்லைங்க. என் மடை எனக்கு வேணும், அவ்வளவுதான். நறுக்குன்னு கேட்டுடுவேன்" என்றார். வெளியே இங்கிரிட் கையால் பிசைந்து, கண்ணை மூடிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ரசம் முழங்கை வரை வழிந்தது. 'இன்னும் ஒன்று கிடைக்குமா என்று கேட்பது உங்கள் ஊரில் தப்பா?' என்று என்னிடம் மெல்லக் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் தனம் தட்டோடு வந்துவிட்டார்.

"இத நீங்க மொழிபெயர்க்க வேணாங்க. அதுதான் இலையே சொல்லுதே."

குறை கேட்ட நேரம்

அதே நாள் மத்தியானம், வாய்க்கால் கரையில் ஷாமியானா. காற்றில் அது ஊதி உப்பி, எல்லாரையும் ஏற்றிக்கொண்டு கிளம்பப் போகிற ஒரு பாய்மரக் கப்பல் மாதிரி இருந்தது. ஒவ்வொருவராக வந்து தம் குறையைச் சொன்னார்கள். படித்துறை வேண்டும், மாடு இறங்க வழி வேண்டும். நான் மாடு வளர்ப்பவனாகவும் படித்துறையில் துவைப்பவளாகவும் மாறி மாறி 'நான்' 'நான்' என்று பேசிக்கொண்டிருந்தேன். தனத்தின் முறை வந்தது. பின்னால் செல்வம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"இந்தத் திட்டத்தில் உங்களுக்கு ஏதாவது குறை இருக்கிறதா?" என்று இங்கிரிட்டின் கேள்வியைத் தமிழில் கேட்டேன். தனம் இங்கிரிட்டைப் பார்த்தார். அவர் விரல்களைப் பார்த்தார். அவற்றில் சாம்பார் மஞ்சள் இன்னும் போகவில்லை. "ஒரு கொறையும் இல்லைங்க. நல்லா இருக்கட்டும்" என்று கும்பிட்டுவிட்டு எழுந்து போய்விட்டார். செல்வத்துக்கே வாய் பிளந்துவிட்டது. சமையலறையில் கேட்டதைச் சபையில் சொல்ல எனக்கு உரிமையில்லை. சொன்னதைச் சொன்னபடி சொல்வதுதான் என் தர்மம். குறை இல்லை என்று ஆங்கிலத்தில் சொன்னேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சரியாக, அவ்வளவு பொய்யாக நான் எதையும் மொழிபெயர்த்ததில்லை.

இடைவேளையில் ஓடிப் போய்ப் பிடித்தேன். தனம் தன் மடைக்குப் பக்கத்தில் நின்று, தண்ணீர் உள்ளே திரும்புவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஏங்க இப்படிப் பண்ணீங்க? பயமா?" என்றேன். "பயமா? எனக்கா?" என்றார். கண் கலங்கியிருந்தது, ஆனால் குரலில் பிசிறில்லை.

"நம்ம வீட்டு இலையில சாப்பிட்டு எந்திரிச்சு வந்து உக்காந்திருக்குது அந்தப் பொண்ணு. அது மூஞ்சியப் பாத்து 'உன் வேலை சரியில்ல'ன்னு எப்படிங்க சொல்றது? சோறு போட்டுட்டுச் சண்டை போட்டா, அதுக்குத்தான் போட்டோம்னு ஆயிடாதா?"

மதிப்பு

திரும்பும் வழியில் குடமுருட்டிப் பாலம் வந்தது. நதியில் தண்ணீர் பாதி, மணல் பாதி. எது நகர்கிறது, எது நிற்கிறது என்று பிரித்துச் சொல்ல முடியாத சாயங்காலம். இங்கிரிட் மடிக்கணினியைத் திறந்தார். வங்கியின் ஊழியர்கள் வெளியில் எதைச் சாப்பிட்டாலும் வாங்கினாலும் அன்றன்றே தெரிவிக்க வேண்டும். "இன்றைய சாப்பாட்டுக்கு என்ன மதிப்புப் போடலாம்? ஒரு சிற்றுண்டி அளவு போட்டுவிடட்டுமா?" என்று சாதாரணமாகக் கேட்டார்.

வங்கியின் விதிப் புத்தகத்தை ஒரு நாவல் மாதிரி முதலிலிருந்து கடைசி வரை படித்தவர் உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அதில் ஒரு விதி: திட்டத்தால் பாதிக்கப்படக்கூடியவரிடம் ஒரு வரம்புக்கு மேல் உபசாரம் பெற்ற அதிகாரி, அவருடைய குறையை விசாரிக்கக் கூடாது. விசாரித்திருந்தால் செல்லாது. உபசாரம் பெறாத இன்னொருவர் வந்து முதலிலிருந்து கேட்க வேண்டும். இப்போது என் கருத்தை யாரும் கேட்கவில்லை. மதிப்பைத்தான் கேட்டார்கள். ஆகவே நான் நிதானமாக இலையின் இடது மூலையிலிருந்து ஆரம்பித்தேன். கூட்டு, வறுவல், சாம்பார், ரசம், பாயசம். அவர் தங்கியிருக்கும் ஹோட்டலில் வாழையிலை விருந்துக்கு என்ன விலையோ அதைச் சொன்னேன். வடை அந்த விலையில் சேராது, தனி என்றும் நினைவூட்டினேன். எத்தனை வடை என்று அவரையே கேட்டேன். ஒன்றைக்கூட நான் கூட்டிச் சொல்லவில்லை.

இங்கிரிட்டின் விரல் விசைப்பலகை மேல் நின்றது. வெளிறிய கண்களால் என்னை நீண்ட நேரம் பார்த்தார். "அப்படியானால் அந்தப் பெண்ணின் குறையை நான் கேட்டது செல்லாது" என்றார். "நீங்கள் அந்தப் புத்தகத்தைப் படித்திருக்கிறீர்கள்" என்றும் சொன்னார். அது கேள்வியில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி, கொஞ்சம் சிரித்தாரோ என்னவோ. விஷயத்தை டிரைவர் சேகருக்குத் தமிழில் சொன்னேன். அவர் பிரேக்கில் காலை வைத்துவிட்டார்.

"நல்லா சோறு போட்டா கேஸ் கை மாறிடுமா மேடம்? இது தெரியாம எங்க மாமா தாசில்தாருக்குக் கறி விருந்து வச்சாரே!"

இளநீர்

குறையை முதலிலிருந்து கேட்க, வங்கியின் நைரோபி அலுவலகத்திலிருந்து கமாவ் வந்தார். உயரமான மனிதர், நடையில் அவசரமில்லை. தன் தாய்க்கும் வாழைத்தோப்பு உண்டு என்று விமான நிலையத்திலிருந்து வரும்போதே சொன்னார். இவர் தனம் வீட்டில் ஒரு வாய் சாப்பிட்டால் எல்லாம் பழையபடி. ஆனால் நான் எச்சரிக்கவும் முடியாது. ஒப்பந்தத்தில் இருக்கும் அந்த 'உதவி' பேசாது, பேச்சைத்தான் கடத்தும்.

அனல் அடித்தது. தனம் வழக்கம் மாறாமல் சீவிய இளநீரோடு தோப்பு வரப்பில் காத்திருந்தார். கொடுக்காமலும் இருக்க முடியாது அவரால், கொடுத்துவிட்டுக் குறை சொல்லவும் முடியாது. கமாவ் இளநீரைப் பார்த்தார். தொண்டை ஏறி இறங்கியது. கையும் கொஞ்சம் நீண்டது. வெளிச்சம், இலைகள், வாய்க்கால் எல்லாம் ஒரு கணம் படம் மாதிரி நின்றுவிட்டன. பிறகு கையை இழுத்துக்கொண்டு என்னிடம், "என் வேலையில் இதை வாங்க எனக்கு அனுமதி இல்லை. மறுத்தால் இவரை அவமதித்ததாகிவிடுமா என்று கேளுங்கள்" என்றார். கேட்டேன். தனத்தின் முகம் விடிந்த மாதிரி ஆனது.

"அவமரியாதையா? குடிக்காம இருந்தாருன்னா கோடிப் புண்ணியம்னு சொல்லுங்க. நம்ம வீட்டுப் பச்சைத் தண்ணிகூட இவரு வாயில படல. இனிமே பேசலாம்!"

பேசினார். என்ன பேச்சு! மடையில் ஆரம்பித்து, பாகப்பிரிவினையில் நுழைந்து, கொழுந்தன் வரப்பில் நிறுத்திய மண்ணைத் தொட்டு, கடன் கொடுத்தவர்களுக்குத் தண்ணீர் விஷயத்தில் மனசாட்சி உண்டா என்று விசாரித்து, மறுபடி மடைக்கே வந்தார். 'என் தோப்புத் தண்ணிக்கு நான் இன்னொருத்தர் வாசல்ல போய் நிக்க மாட்டேன்' என்று அவர் சொன்னதை, நானும் 'நான்' என்றே ஆங்கிலத்தில் சொன்னேன். குரல் என்னையறியாமல் உயர்ந்துவிட்டது. கமாவ் வரப்பில் உட்கார்ந்து கடைசி வரை கேட்டார். செல்வமும் தூரத்தில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தார். எல்லாம் முடிந்ததும் தன் பக்கத்து மரத்தடியிலிருந்து அவர் சொன்னது ஒரே வரி.

"அண்ணி இவ்வளவு பேசுவாங்கன்னு தெரிஞ்சிருந்தா நானே மடையை விட்டுக் குடுத்திருப்பேன் மேடம்."

கடைசி நாள்

தனத்தின் மடை தங்கியது. பெரிய மடையோடு பக்கத்தில் ஒரு சின்ன மடையும் இருப்பதால் உலகத்தின் நீர்ச் சிக்கனம் ஒன்றும் கெட்டுவிடாது என்று கமாவ் எழுதினார். கண்ணாடி அறையில் யாரோ தலையசைத்தார்கள். பொறியாளர் சிவப்புப் பெருக்கல் குறியை அழித்துவிட்டு நீலத்தில் ஒரு சின்னக் கோடு போட்டார். ஒரு வாக்கியம் இறங்கி வந்த வழியிலேயே இன்னொரு வாக்கியம் ஏறிப் போனதை நான் முதல் முறையாகப் பார்த்தேன். நான் நடத்திய பாடத்தில் அந்தத் திசைக்கு அம்புக்குறியே கிடையாது.

முடிவைத் தன் வாயாலேயே சொல்ல வேண்டும் என்று, ஊருக்குக் கிளம்பும் நாளில் கமாவ் தோப்புக்கு வந்தார். சொன்னார். தனம் குனிந்து, மடை வாயில் சிக்கியிருந்த சருகை எடுத்துப் போட்டார். தண்ணீர் ஒரு சின்னச் சத்தத்தோடு உள்ளே திரும்பியது. மூன்று பேரும் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றோம். அது நைலா, காவிரியா, கமாவின் தாயார் தோப்பு ஓடையா என்று யாருக்கும் அக்கறையில்லாத நேரம். பிறகு கமாவ் கூச்சத்தோடு, "விசாரணை முடிந்துவிட்டது. இப்போது அந்த இளநீர் கிடைக்குமா?" என்று கேட்கச் சொன்னார். நான் கேட்டேன். தனம் வாய்க்கால் நெடுக இன்னும் காங்கிரீட் போடாத கரையை, குவித்து வைத்த ஜல்லியை, தூரத்தில் நின்ற பொறியாளரை எல்லாம் ஒரு தடவை பார்த்தார்.

"இப்ப வேணாங்க சார், கோச்சுக்காதீங்க. வேலை முடியிற வரைக்கும் உங்ககூட நான் சண்டை போட வேண்டியிருக்கும்."

பல தேசங்கள் கூடி எழுதிய விதியும் ஒரு சமையலறையின் விதியும் ஒன்றேதான் என்று கண்டுபிடித்தது நான்தான் என்றாலும், அந்த இரண்டு விதிகளுக்கும் நடுவில் நிற்கிற ஒருத்தி அந்த வாழைப்பூ வடை நாளில் எங்கே சாப்பிட்டாள் என்று இரு தரப்பிலும் இன்றுவரை யாரும் கேட்கவில்லை.